ஆண்டு அச்சிட்ட ஷாம்பெய்ன்: வன்னி வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சில் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத வீடு வன்னியில் குறைவு. பாரிசில் லாச்சப்பல் பக்கம் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஆடி, ஆவணி விடுமுறைக்கு வரும்போது சொக்கலேட், சோப், சென்ற் எல்லாவற்றுக்கும் நடுவே சேலைக்குள் சுற்றிய ஒரு கனத்த போத்தலும் சில பெட்டிகளிலிருந்து வெளியே வரும். அதன் லேபலில் 2012, 2015 என்று ஓர் ஆண்டு அச்சிட்டிருந்தால் அது சாதாரண ஷாம்பெய்ன் இல்லை, விண்டேஜ். ஆனால் அதற்கு வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்றுதான். பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் குலுக்கிப் பீச்சி அடிப்பார்கள். இல்லாவிட்டால் ‘ஒரு நல்ல நாளுக்கு’ என்று அலுமாரிக்கு மேலே ஏற்றி, இரண்டு கோடை முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே அவித்துவிடுவார்கள்.

வைன் சுவைப்பதைப் பெரிய படிப்பு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஷாம்பெய்னில் நாக்குக்குத் தட்டுப்படும் ஒவ்வொன்றும் அதன் செய்முறையில் ஏதோ ஒரு படியில் உள்ளே வந்ததுதான். எது எங்கே வந்தது என்று தெரிந்துவிட்டால் வாயில் வைத்ததும் தேட வேண்டியது என்ன என்பதும் தெரியும். ஆகவே முதலில் செய்முறை, பிறகு போத்தல்.

தவறணையில் ஒரு முன்பயிற்சி

பனை ஏறும் காலமாக இருந்தால் முதல் பாடத்துக்குச் செலவே இல்லை. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவது கருப்பணி. சுண்ணாம்பு நொதிப்பைத் தடுப்பதால் அது இனிப்பாகவே இருக்கும். பூசாத முட்டியில் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது, அதுதான் கள். விடிய இறக்கிய கள்ளில் கொஞ்சம் பிளாவில் வாங்கி, குடிப்பதற்கு முன் மணந்து பாருங்கள். அதே மரத்துக் கள்ளைப் பின்னேரம் மறுபடி மணந்து பாருங்கள். ஈஸ்ட் மணம், இனிப்பு இறங்கிப் புளிப்பு ஏறும் வேகம், நாக்கு நுனியில் வாயு சுள்ளென்று கடிப்பது: இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்து உணர முடிந்தவருக்கு ஷாம்பெய்ன் அந்நியமாக இருக்காது. கள்ளில் வாயு நுரைத்துப் போய்விடுகிறது. ஷாம்பெய்ன் செய்பவர் அதைப் போத்தலுக்குள்ளேயே பிடித்து வைக்கிறார்.

எப்படிச் செய்கிறார்கள்

ஷாம்பெய்ன் என்பது பாரிசுக்குக் கிழக்கே ரெய்ம்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியுள்ள பகுதியின் பெயர். அங்கே விளைந்த திராட்சையில், அங்கேயே, போத்தலுக்குள் இரண்டாம் தடவை நொதிக்கவைத்துச் செய்தால்தான் சட்டப்படி அந்தப் பெயரைப் போடலாம். இத்தாலியின் ப்ரொசெக்கோவும் ஸ்பெயினின் காவாவும் குமிழி வைன்கள்தான், ஆனால் ஷாம்பெய்ன் ஆகாது.

அந்த இடம் வட அகலக்கோடு 49 பாகையில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 11 பாகை அளவில். திராட்சை முழுக்க இனிப்பதற்கே திணறும் குளிர். இங்குள்ள வெயிலில் பந்தல் திராட்சை வேகமாகப் பழுத்து இனிக்கும், புளிப்பு சட்டென்று விழுந்துவிடும். அங்கே பழுத்த பிறகும் புளிப்பு நிற்கும். சுவைக்கும்போது முதலில் உங்கள் கன்னத்து உட்புறத்தை இழுக்கப்போவது இந்தக் குளிர்தான். இன்னொரு காரணம் நிலம். மேல்மண்ணுக்குக் கீழே வெண்மையான சீமைச்சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது; மழை நீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும்.

பெரும்பாலும் மூன்று வகைத் திராட்சை. பினோ நுவார், மூனியே இரண்டும் கறுப்பு, ஷார்தொனே வெள்ளை. கறுப்புப் பழத்திலிருந்து வெளிர் நிற வைன் எப்படி என்று கேட்கலாம். நிறம் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை. அதனால் குலையைச் சிதைக்காமல் கையால் வெட்டி, முழுக் குலையாகவே மெதுவாகப் பிழிகிறார்கள். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லீற்றர் சாறுதான் எடுக்கலாம் என்பது விதி. அதிலும் முதலில் வரும் 2,050 லீற்றர்தான் உயர்ந்தது. நல்ல வீடுகள் (ஷாம்பெய்ன் செய்யும் நிறுவனங்களை அப்படித்தான் அழைப்பார்கள்) விண்டேஜுக்கு அதைத்தான் நம்பும்.

முதல் நொதிப்பு தொட்டிகளில் நடக்கிறது. முடிவில் கிடைப்பது குமிழியே இல்லாத, பல் கூசும் புளிப்பு வைன். குளிர்காலத்தில் தலைமை வைன்காரர் வெவ்வேறு ஊர், வெவ்வேறு தோட்டம் என்று நிறையத் தொட்டிகளைச் சுவைத்து எதோடு எதைக் கலப்பது என்று தீர்மானிப்பார். சாதாரண ஷாம்பெய்னுக்கு முந்தைய ஆண்டுகளில் சேமித்த வைனையும் சேர்ப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் சுவை மாறாமல் இருப்பதற்காக. ஓர் ஆண்டின் அறுவடை தனியாக நிற்கும் அளவுக்கு நன்றாக இருந்தால் மட்டும், பழைய வைன் ஒரு துளியும் சேர்க்காமல் அந்த ஆண்டின் திராட்சையிலேயே முழுதும் செய்து, ஆண்டை அச்சிடுகிறார்கள். 2008 அங்கே குளிர்ந்த, நிதானமான ஆண்டு; அதன் போத்தல்களில் புளிப்பு இன்னும் கம்பியாக நிற்கும். 2003இல் வசந்தத்தில் உறைபனி, பிறகு கொடும் வெயில், ஆகஸ்டிலேயே அறுவடை. அந்த வைன்கள் புளிப்புக் குறைந்து கனமாக இருக்கும். ஒரே வீடு, ஒரே தோட்டம், இரண்டு வேறு குணம். விண்டேஜ் வாங்குவதன் முழுப் பயனும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது குமிழி. கலந்த வைனைப் போத்தலில் ஊற்றி, லீற்றருக்கு 24 கிராம் அளவு சீனியும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்து, சோடாப் போத்தல் மூடியால் அடைத்து நிலத்தடிக் கிடங்கில் படுக்க வைக்கிறார்கள். உள்ளே மறுபடி நொதிக்கும். வாயு போக வழியில்லாமல் வைனிலேயே கரைந்துவிடும். அழுத்தம் 6 வளிமண்டலம். ரயர் கடைக் கணக்கில் சொன்னால் 80, 90 பிஎஸ்ஐ. சீனியின் அளவைக் கணக்கிடும் முறை 1830களில்தான் வந்தது. அதற்கு முன்னர் கிடங்குகளில் போத்தல் வெடிப்பது வழமை. வேலைக்காரர் முகத்துக்கு இரும்பு மூடி போட்டுக்கொண்டு போவார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கருப்பணியிலோ திராட்சைச் சாற்றிலோ வீட்டில் செய்துபார்க்கலாமே என்று யாருக்காவது ஆசை வரும். வேண்டாம். சாதாரணப் போத்தல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, கண் போய்விடும். போதாததற்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது இலங்கையில் மதுவரிச் சட்டப்படி குற்றம்.

போத்தலுக்குள் குமிழி விடவைக்கும் நுட்பத்தைக் கண்டுபிடித்தவர் டொம் பெரினியோன் என்ற துறவி என்று மாமா கட்டாயம் சொல்வார். அவர் 1668இலிருந்து 1715இல் இறக்கும்வரை ஓட்வில்லேர் மடத்தில் கிடங்குப் பொறுப்பில் இருந்தவர். திராட்சையைத் தேர்ந்து கலப்பதில் கெட்டிக்காரர். ஆனால் சீனி சேர்த்தால் வைன் குமிழி விடும் என்பதைக் கிறிஸ்தோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் 1662இலேயே லண்டனில் எழுதி வாசித்துவிட்டார். மாமாவோடு இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம், போத்தல் அவருடையது.

சரி, இனி எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஒன்றும் செய்யாமல் இருப்பது. நொதிப்பு முடிந்ததும் ஈஸ்ட் இறந்து போத்தலுக்குள் வண்டலாகப் படியும். அந்த வண்டலோடேயே வைனைக் கிடக்க விடுகிறார்கள். இறந்த ஈஸ்ட் மெல்லச் சிதைந்து தன் சத்தை வைனுக்குள் விடும். சுட்ட பாண், பிஸ்கட், வறுத்த பருப்பு போன்ற மணங்களும் வாயில் ஒரு வழுவழுப்பும் இதிலிருந்துதான். சாதாரண ஷாம்பெய்ன் போத்தலில் அடைத்து 15 மாதம் கழித்து வெளியே வரலாம். விண்டேஜுக்குக் குறைந்தது 3 ஆண்டு. நல்ல வீடுகள் 6, 7 ஆண்டு வைத்திருப்பது சாதாரணம். விலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புக்கான வாடகை என்று சொன்னால் பிழையில்லை.

கடைசியில் வண்டலை எடுக்க வேண்டும். போத்தலைத் தலைகீழாகச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் வண்டல் கழுத்துக்கு இறங்கும். 27 வயதில் கணவனை இழந்து ஷாம்பெய்ன் வியாபாரத்தைக் கையில் எடுத்த மதாம் கிளிக்கோவின் கிடங்கில், 1816 அளவில், ஓட்டை போட்ட மேசையில் போத்தலைச் செருகித் திருப்பும் வழி பிறந்தது. இப்போது பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. கழுத்தை மட்டும் சுமார் மைனஸ் 27 பாகைக் கரைசலில் உறையவைத்து மூடியைத் திறந்தால் வண்டல் பனிக்கட்டியாகப் பாய்ந்து வெளியே போகும். குறைந்த அளவை நிரப்ப வைனும் சிறிது சீனியும் சேர்த்து, தக்கை அடித்து, கம்பி கட்டிவிடுவார்கள். லேபலில் உள்ள ‘ப்ருட்’ இந்தக் கடைசிச் சீனியைத்தான் சொல்கிறது: லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவு. ‘எக்ஸ்ட்ரா ப்ருட்’ 6 கிராம் வரை. ‘டெமி-செக்’ 32இலிருந்து 50 வரை, நல்ல இனிப்பு.

வந்த போத்தலை என்ன செய்வது

விமானத்தில் குலுங்கி வந்த போத்தலை அன்றைக்கே திறக்க வேண்டாம். ஒன்றிரண்டு நாள் அசையாமல் இருக்கட்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ரெய்ம்சின் கிடங்குகள் பழைய சுண்ணாம்புக் குழிகள். ஆண்டு முழுக்க 10, 12 பாகையில் நிற்கும். சித்திரை வெயிலில் கிளிநொச்சி வீட்டு அறை 33ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் சில மாதம் கிடந்தால் வைன் பழுப்பேறி, அடிபட்ட அப்பிள் மணத்தோடு குமிழி செத்துப் போகும். தக்கை மேலே தள்ளியிருந்தாலோ கழுத்தைச் சுற்றிய தாளின் ஓரத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம். ஆண்டு அச்சிட்ட போத்தல் ஏற்கனவே போதிய காலம் கிடந்துதான் கடைக்கு வருகிறது. நீங்கள் இன்னும் கனிய வைக்கத் தேவையில்லை. மாமா திரும்பிப் போவதற்கு முன்னர் குடித்துவிடுவதுதான் என் கட்சி.

அதுவரை பிரிஜின் அடித்தட்டில் வையுங்கள். அங்கே சில வாரம் தாங்கும். பிரிஜ் இல்லாத வீட்டில் ஈரச்சாக்கால் சுற்றி, வெளிச்சம் படாத மூலையில், சீமெந்து நிலத்தில் படுக்க வைத்தால் சில நாள் சமாளிக்கலாம். வெளிச்சமும் எதிரிதான். நிறமில்லாத போத்தலில் வந்தது வெயிலில் நின்றால் அவித்த கோவா போல நாறத் தொடங்கும்.

குளிர வைத்தல், திறத்தல்

பிரிஜில் என்றால் நான்கு மணித்தியாலம் வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போனால் வாளிதான். பாதி ஐஸ், பாதி தண்ணீர், மேலே இரண்டு கைப்பிடி ஆனையிறவு உப்பு. உப்புப் போட்டால் ஐஸ் தண்ணீர் இன்னும் தாழ்ந்த குளிருக்குப் போகும். அரை மணித்தியாலத்துக்குள் தயார். ஐசை மட்டும் போட்டால் போத்தலைச் சுற்றிக் காற்று நிற்கும், நேரம் எடுக்கும். மீன்வாடி ஐஸ் என்றால் நன்றாகக் கழுவிப் போடுங்கள். கையிலும் போத்தலிலும் ஏறும் மீன் வாசம் பிறகு கிளாசுக்குப் போய்விடும். பிரீசருக்குள் மட்டும் வைக்காதீர்கள். மறந்தால் வெடிக்கும்.

விண்டேஜ் சுவைக்கச் சரியான சூடு 10 தொடக்கம் 12 பாகை. நம் ஊரில் கிளாசுக்குள் ஊற்றிய கையோடு ஏறத் தொடங்கிவிடும் என்பதால் 8 பாகையில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

திறப்பதற்கு முன் போத்தலின் ஈரத்தைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, பிள்ளைகளைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். தாளை உரித்ததும் ஒரு பெருவிரல் தக்கையின் தலையில் ஏறிவிட வேண்டும். பிறகு அந்த விரல் இறங்கவே கூடாது. மற்றக் கையால் கம்பியின் வளையத்தை ஆறு அரைத் திருப்பு திருப்புங்கள், கம்பி தளரும். கழற்ற வேண்டியதில்லை, தக்கையோடேயே இருக்கட்டும். போத்தலை 45 பாகை சரித்து, ஆளில்லாத சுவர்ப்பக்கம் காட்டி, தக்கையை இறுக்கிப் பிடித்தபடி போத்தலின் அடியைத் திருப்புங்கள். தக்கை தானாகவே மேலே வரப் பார்க்கும். அதை உள்ளே தள்ளுவது மாதிரி எதிர்த்துப் பிடித்து, கடைசியில் ஓரமாகச் சிறிது சாய்த்தால் ‘டப்’ என்று வெடிக்காமல் ‘ஸ்ஸ்’ என்று மூச்சு விடும். மண்டபத்தில் ‘டப்’ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் கேக் கடையில் விற்கும் குமிழி விட்ட அப்பிள் சாற்றை வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலான பிறந்தநாள் வீடியோக்களில் வெடிப்பது அதுதான்.

கிளாஸ்

நீண்ட ஒடுங்கிய கிளாஸ் அழகாக இருக்கும், ஆனால் மணம் சேர இடமில்லை. வயிறு அகன்று வாய் ஒடுங்கிய எந்த வைன் கிளாசும் நல்லது. அதுவும் இல்லாவிட்டால் மெல்லிய கண்ணாடி டம்ளர். சில்வரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். சவர்க்காரப் படலம் நுரையைக் கொன்றுவிடும் என்பதால் வெந்நீரில் மட்டும் அலசி, பருத்தித் துணியால் துடையுங்கள். குமிழி பிறப்பதே கிளாசில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நார்த்துண்டுகளில்தான். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் குமிழிகளை வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர். ஒரு கிளாசைக் குடிக்காமல் வைத்தால் சுமார் 10 லட்சம் குமிழி எழும் என்பது அவருடைய கணக்கு. கிளாசைச் சரித்து அதன் ஓரமாக ஊற்றினால் வாயு கூடுதலாகத் தங்கும் என்பதையும் அவருடைய குழு அளந்து காட்டியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

சுவைத்தல்

முதலில் கண். வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். இளசாக இருந்தால் வெளிர் எலுமிச்சை நிறம், வயதானால் பொன்.

பிறகு மூக்கு. கிளாசைச் சுழற்றாமல் ஒரு தடவை மணந்து வையுங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை அப்பிள் என்று வருவது திராட்சையின் மணம். ஷார்தொனே கூடுதலாக இருந்தால் எலுமிச்சைப் பக்கம் சாயும், பினோ நுவார் கூடுதலாக இருந்தால் சிவப்புப் பழப் பக்கம். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி மணந்து பாருங்கள். இப்போது ஈஸ்ட் எழும்பி வரும். விடியப்புறம் பேக்கரி வாசலில் றோஸ் பாண் மணக்குமே, அது வந்தால் நிலத்தடியில் கிடந்த ஆண்டுகள் உங்கள் மூக்குக்கு எட்டிவிட்டன. அதற்கும் பின்னால் வறுத்த கச்சானோ தேனோ எட்டிப் பார்க்கலாம். நனைந்த காட்போட் மணம் மட்டும் வந்தால் தக்கையில் பிழை. யாருடைய குற்றமும் இல்லை, ஊற்றிவிட வேண்டியதுதான்.

அப்புறம் வாய். ஒரு சின்ன மிடறு எடுத்து உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். முதலில் குமிழி. நல்ல விண்டேஜில் அது சோடா மாதிரி குத்தாது, மென்மையாக நுரைக்கும். அடுத்து புளிப்பு, நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் அது அந்த ஆண்டின் குளிர். புளிப்பைச் சமன்செய்ய மெல்லிய இனிப்பு எங்காவது தெரிகிறதா என்று தேடுங்கள். அது கடைசியில் சேர்த்த சீனி. தெரியவே இல்லாவிட்டால் சேர்த்தவர் கெட்டிக்காரர். விழுங்கிய பிறகு மனத்துக்குள் மெதுவாக எண்ணுங்கள். ஐந்துக்குள் சுவை மறைந்தால் சாதாரணம். பத்தைத் தாண்டியும் எலுமிச்சையும் பாணும் வாயில் நின்றால் நல்ல போத்தல். எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் நல்லது. பெரிய சொல் தேவையில்லை, ‘புளிப்புக் கூட, பாண் மணம், நீளம்’ என்று மூன்று சொல் போதும்.

கிளாஸ் சூடேற ஏற அதே வைன் மாறுவதையும் கவனியுங்கள். குளிரில் ஒளிந்திருந்த மணங்கள் பத்து நிமிடத்தில் வெளியே வரும். குளிரூட்டிய வீட்டில் இருப்பவர்கள் இதற்குக் காத்திருக்க வேண்டும், நமக்கு இது சும்மா கிடைக்கிறது.

பக்கத்தில் என்ன வைப்பது

கேக் வேண்டாம். இனிப்புக்குப் பிறகு ப்ருட் குடித்தால் வெறும் புளியாகத் தெரியும். ஆட்டிறைச்சிக் கறியும் வேண்டாம். நம் மிளகாய்த்தூளுக்கு முன்னால் எந்த ஷாம்பெய்னும் நிற்காது. உப்பும் பொரியலும்தான் சோடி. நந்திக்கடல் இறால் கிடைத்தால் உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிப் பொரியுங்கள், மிளகாய்த்தூள் இல்லாமல். பொரித்த சூடை மீன், காரம் போடாத முறுக்கு, வறுத்த மரமுந்திரிகைப் பருப்பு எல்லாம் பொருந்தும். எண்ணெயைப் புளிப்பும் குமிழியும் கழுவிவிட, அடுத்த கடிக்கு வாய் புதிதாக இருக்கும்.

ஒரு போத்தல் ஆறேழு பேருக்குப் போதும். 12 சதவீத மதுசாரம் உள்ளது. குமிழி இருப்பதால் வேகமாக ஏறும். ஏ9 வீதியில் மோட்டார்சைக்கிளில் திரும்ப வேண்டியவருக்கு இறாலை மட்டும் கொடுங்கள்.

மிச்சமும் அடுத்த போத்தலும்

கழுத்தில் கரண்டி செருகி வைத்தால் குமிழி போகாது என்பது கட்டுக்கதை. ஷாம்பெய்னுக்கென்றே விற்கும் கவ்வு மூடி ஒன்று மாமாவிடம் சொல்லி எடுப்பித்தால், பிரிஜில் இரண்டு நாள் தாங்கும்.

காலிப் போத்தலை எறிவதற்கு முன் பின்பக்க லேபலைப் படம் பிடித்து வையுங்கள். வண்டல் நீக்கிய தேதியைச் சில வீடுகள் அங்கே போடும். அது எவ்வளவு அண்மையில் இருக்கிறதோ அவ்வளவு காலம் கூடுதலாக ஈஸ்டோடு கிடந்திருக்கிறது. லேபலின் மூலையில் சிறிய எழுத்தில் ‘ஆர்.எம்.’ என்றிருந்தால் திராட்சை வளர்த்த விவசாயியே செய்த வைன், ‘என்.எம்.’ என்றால் திராட்சை வாங்கியும் செய்யும் பெரிய வீடு. அடுத்த முறை மாமா என்ன கொண்டுவர என்று கேட்டால் பெயர் பெற்ற வீட்டின் மின்னும் பெட்டியைக் கேட்காதீர்கள். ‘மில்லெசிமே’ (பிரெஞ்சில் விண்டேஜ்) என்ற சொல்லும் ஆண்டும் ‘ஆர்.எம்.’ எழுத்தும் உள்ள ஒரு போத்தலைக் கேளுங்கள். பெரும்பாலும் அது மலிவாகவும் இருக்கும். பாரிசிலிருந்து ரெய்ம்சுக்கு வேக ரயிலில் முக்கால் மணித்தியாலம்தான், போய்த் தோட்டத்திலேயே வாங்கி வரலாம்.